தொட்டி எப்போ நிரம்பும்? பின்னத்தைப் பார்த்தாலே ஸ்கிப் பண்றவங்களுக்கு

வழக்கமா இங்க ஏதாவது ஒரு டெக் விஷயத்தைப் பிடிச்சு பேசிட்டு இருப்போம். இன்னைக்கு கணக்கு. அதுவும் பத்தாம் வகுப்பு கணக்கு. உடனே மூடிட்டுப் போயிடாதீங்க, காரணம் இருக்கு.

என் தங்கச்சி திருச்சியில பேங்க் எக்ஸாமுக்குப் படிச்சுட்டு இருக்கா. இது மூணாவது முயற்சி. முதல் ரெண்டு தடவையும் பிரிலிம்ஸ் தாண்டல. போன ஞாயித்துக்கிழமை வீடியோ கால்ல மாக் டெஸ்ட் எழுதின ரஃப் பேப்பரைக் காட்டினா. சில கேள்விக்கு நம்பர் மட்டும் எழுதி, பக்கத்துல ஒரு கோடு. என்னடி இதுன்னு கேட்டேன். "அண்ணா, கீழ எக்ஸ் இருந்தா நான் தொடறதே இல்ல. ஒரு சமன்பாடுன்னாலே கஷ்டம், இதுல ரெண்டு, அதுவும் பின்னத்தோட. அதுக்கு நாலு ஈஸி கேள்வி போட்டுடலாம்"னு சொன்னா.

அவ சொல்றதுல நியாயம் இல்லாம இல்ல. ஐபிபிஎஸ் பிஓ பிரிலிம்ஸ்ல கணக்குப் பகுதிக்கு 35 கேள்வி, 20 நிமிஷம். ஒரு கேள்விக்கு 34 செகண்ட்தான் விழும். தப்பா போட்டா அந்தக் கேள்வியோட மதிப்பெண்ல கால் பங்கு போயிடும். கால்குலேட்டர் கிடையாது. அப்படி இருக்கும்போது எதை விடணும்னு தெரிஞ்சு விடறது புத்திசாலித்தனம்தான். ஆனா அந்தக் கோடு போட்ட கேள்விகளை எண்ணிப் பார்த்தேன், நாலு இருந்தது. அந்த மாக்ல கட்-ஆஃபுக்கு அவளுக்குக் குறைஞ்சது ரெண்டு மார்க். இதுல கொடுமை என்னன்னா, அந்த நாலுல ஒன்னு பேனாவே இல்லாம போடக்கூடிய கணக்கு.

எனக்கு அது தெரியும், ஏன்னா அதே மாதிரி கணக்குல நான் கோட்டை விட்டிருக்கேன். ஃபைனல் இயர் கேம்பஸ் பிளேஸ்மென்ட், ஆப்டிட்யூட் ரவுண்ட். காலேஜ் கம்ப்யூட்டர் லேப்ல உட்கார வச்சு எழுத வச்சாங்க. எண்கள் எனக்கு சரியா ஞாபகம் இல்ல, அதனால அதே மாதிரி ஒன்னை நம்ம ஊர் தொட்டியை வச்சு சொல்றேன்.

ஒரு அபார்ட்மென்ட் சம்ப். கார்ப்பரேஷன் குழாய் ஒன்னு, போர் மோட்டார் ஒன்னு. குழாயை 2 மணி நேரமும் போரை 5 மணி நேரமும் ஓட விட்டா சம்ப் சரியா நிரம்பும். இல்லன்னா குழாயை 6 மணி நேரம், போரை 3 மணி நேரம் ஓட விட்டாலும் சரியா நிரம்பும். ரெண்டையும் ஒரே நேரத்துல திறந்து விட்டா எத்தனை மணி நேரம் ஆகும்? விடைகள்: 4, 6, 9, 18.

இதை எழுத்துல போட்டா பின்னம் வரும். குழாய் தனியா நிரப்ப 'கு' மணி நேரம்னு வச்சுக்கோங்க, போர் தனியா நிரப்ப 'போ' மணி நேரம். அப்போ:

2/கு + 5/போ = 1
6/கு + 3/போ = 1

ஆடியோல கேட்டவங்க இந்த இடத்துல தலையைப் பிடிச்சிருப்பீங்க, மன்னிச்சுக்கோங்க. எக்ஸ், ஒய்னு சொன்னா எது குழாய் எது போர்னு பாதியில மறந்துடும். அதனாலதான் பேரோட முதல் எழுத்து. இது பரீட்சை ரஃப் பேப்பர்லயும் உதவும்.

அன்னைக்கு நான் என்ன செஞ்சேன்? பள்ளியில பழக்கின மாதிரி, பின்னத்தைப் பார்த்ததும் எல்சிஎம் எடுத்து, ரெண்டு பக்கமும் கு × போ-வால பெருக்கினேன். 2போ + 5கு = கு×போ. அடுத்தது 6போ + 3கு = கு×போ. இப்போ பின்னம் இல்ல, ஆனா அதைவிட மோசமான ஒன்னு வந்து உட்கார்ந்திருக்கு: ரெண்டு தெரியாத எண்களோட பெருக்கல். நேர்கோட்டுக் கணக்கா இருந்தது இப்போ வேற ஜாதி கணக்கு ஆயிடுச்சு. இந்த உதாரணத்துல வலது பக்கம் ரெண்டுமே 1-ங்கிறதால ரெண்டையும் சமப்படுத்தி எப்படியோ தப்பிச்சிடலாம். வலது பக்கம் ஒன்னுல 1, இன்னொன்னுல 7/12-னு இருந்தா நல்லா மாட்டுவீங்க.

பின்னத்தைத் துரத்தணும்னு நினைக்கிறதுதான் இங்க சிக்கல். கு-வும் போ-வும் கீழ மட்டும்தான் இருக்கு. மேல எங்கயுமே இல்ல. அப்போ 1/கு-ங்கிற அந்த முழு உருப்படிக்கு ஒரு பேர் வச்சுட்டா போதும். 1/கு = க. 1/போ = ப. அவ்வளவுதான்:

2க + 5ப = 1
6க + 3ப = 1

பின்னம் எங்க? காணோம். எதையும் பெருக்கல, எதையும் வகுக்கல, பேர் மட்டும் மாத்தினோம். க-ங்கிறது என்னன்னு கேட்டா, குழாய் ஒரு மணி நேரத்துல நிரப்புற பங்கு. அது கற்பனை எண் கிடையாது, நிஜமான பொருள் இருக்கு.

கொஞ்சம் தடம் மாறிப் பேசறேன். இந்த வேலையை நம்ம ஆளுங்க ரொம்ப காலமா செஞ்சிருக்காங்க. அரை, கால், முக்கால் இன்னைக்கும் பேசறோம். அதுக்குக் கீழ அரைக்கால் (1/8), மாகாணி (1/16), மா (1/20), காணி (1/80), முந்திரி (1/320) வரைக்கும் தமிழ்ல தனித்தனிப் பேர் இருக்கு. எண்சுவடியில பசங்க இதையெல்லாம் வாய்ப்பாடா ஒப்பிப்பாங்க. நாலு காணி ஒரு மா, அஞ்சு மா ஒரு கால். கவனிச்சீங்களா, இதுல பின்னமே இல்ல. நாலு, அஞ்சுன்னு முழு எண்களை வச்சே ஓடுது. நாலை எண்பதால வகுத்தா எவ்வளவுன்னு யாரும் யோசிக்கல. பின்னத்துக்கு ஒரு பேர் வச்சுட்டா அது எண்ணக்கூடிய பொருளா ஆயிடுது, கொய்யாப்பழம் மாதிரி. 1/கு-வை 'க'-ன்னு கூப்பிடறதும் அதேதான். நான் இன்ஜினியரிங் நாலு வருஷம் முடிச்சும் இந்த ரெண்டையும் சேர்த்து வச்சுப் பார்த்ததே இல்ல.

சரி, சம்புக்கு வருவோம். இப்போ பெரும்பாலான ஆட்கள் என்ன செய்வாங்க? முதல் சமன்பாட்டை 3-ஆல பெருக்கி, 6க + 15ப = 3. அதுல இருந்து ரெண்டாவதைக் கழிச்சா 12ப = 2, ப = 1/6. அதைப் போட்டா க = 1/12. திருப்பினா குழாய்க்கு 12 மணி நேரம், போருக்கு 6 மணி நேரம். அப்புறம் சேர்த்து ஓட விட்டா 1/12 + 1/6 = 1/4, அதாவது 4 மணி நேரம். சரியான விடை. கை வேகமா இருந்தா ஒன்றரை நிமிஷம்.

ஆனா கேள்வி என்ன கேட்டுச்சு? ரெண்டையும் சேர்த்து எத்தனை மணி நேரம். அதுக்கு க தனியா, ப தனியா வேணுமா? க + ப கிடைச்சா போதும். இப்போ அந்த ரெண்டு வரியையும் ஒன்னு மேல ஒன்னு வச்சு அப்படியே கூட்டிப் பாருங்க. 8க + 8ப = 2. அப்போ க + ப = 1/4. நாலு மணி நேரம். முடிஞ்சது.

இது தற்செயல் இல்ல. 2-உம் 6-உம் எட்டு, 5-உம் 3-உம் எட்டு. கேள்வி தயாரிச்சவர் வேணும்னேதான் அப்படி வச்சிருக்கார். இந்த மாதிரி பரீட்சைகள்ல ஒரு கேள்விக்கு 34 செகண்ட் கொடுத்துட்டு ஒன்றரை நிமிஷக் கணக்கைக் கேட்டா, பெரும்பாலும் அதுக்குள்ள ஒரு சின்ன வாசல் இருக்கும். தொடங்கறதுக்கு முன்னாடி கேள்வியோட கடைசி வரியைப் படிங்க. அப்புறம் ரெண்டு சமன்பாட்டையும் சும்மா ஒரு தடவை கூட்டிப் பாருங்க, ஒரு தடவை கழிச்சுப் பாருங்க. கேட்டது அதுலயே வந்தா அதிர்ஷ்டம். வரலன்னா அஞ்சு செகண்ட் போச்சு, அவ்வளவுதான்.

அன்னைக்கு நான் 12, 6 வரைக்கும் சரியா வந்தேன். அதுக்குள்ள நேரம் ஓடிட்டு இருக்கு, கை வேர்த்து மவுஸ் வழுக்குது. ரெண்டுக்கும் சராசரி எடுத்து 9-ஐ அழுத்தினேன். ஆமா, சிரிங்க. தனியா விட்டாலே போர் ஆறு மணி நேரத்துல நிரப்பிடும். கூட குழாயும் சேர்ந்தா ஒன்பது மணி நேரம் ஆகும்னு எழுதி வச்சுட்டு வந்தவன் நான். அந்த ரவுண்ட்ல நான் தேறல. இந்த ஒரு கேள்வியாலதான்னு சொல்ல முடியாது, ஆனா ராத்திரி மெஸ்ல என் ரூம் மேட், அவன் தேறிட்டான், "கூட்டினா வந்துடும்டா"ன்னு சாம்பாரை ஊத்திக்கிட்டே சொன்னது இன்னும் காதுல இருக்கு.

அந்த நாலு விடைகளை இன்னொரு தடவை பாருங்க. 4 சரி. 6 போர் தனியா. 9 சராசரி. 18 ரெண்டையும் கூட்டினது. ஒவ்வொரு தப்பான விடையும் ஒரு குறிப்பிட்ட தப்புக்காகக் காத்துட்டு இருக்கு. அதனால "என் விடை ஆப்ஷன்ல இருக்கு, அப்போ சரியாத்தான் இருக்கும்"ங்கிற நம்பிக்கையை முதல்ல விடுங்க. நம்ம தப்பும் ஆப்ஷன்ல இருக்கும்.

இப்போ பேனா இல்லாம போடலாம்னு சொன்னேன் இல்லையா, அது இதுதான். குழாய் 2 மணி, போர் 5 மணி ஓடினா நிரம்புது. அப்போ ரெண்டையும் 5 மணி நேரம் ஓட விட்டா? வழிஞ்சுடும். ஏன்னா குழாய் கூடுதலா 3 மணி நேரம் ஓடுது. ஆகவே விடை 5-க்குக் கீழ. அடுத்தது, குழாய் 6 மணி, போர் 3 மணி ஓடினாதான் நிரம்புது. ரெண்டையும் 3 மணி நேரத்துல நிறுத்திட்டா? நிரம்பாது. ஆகவே விடை 3-க்கு மேல. மூணுக்கும் அஞ்சுக்கும் நடுவுல ஆப்ஷன்ல இருக்கறது 4 மட்டும்தான். சமன்பாடே எழுதல. சம்ப் மேல நின்னு தண்ணியைப் பார்க்கற வாட்ச்மேன் அண்ணனுக்கு இது தானா தெரியும்.

இதைத் தங்கச்சிகிட்ட சொன்னப்போ கொஞ்ச நேரம் பேசல. அப்புறம், "அப்போ ரெண்டு வருஷமா நான் விட்டது எல்லாம் இதுதானா?"ன்னா. எல்லாம் இது இல்லன்னு சொன்னேன். நிஜமாவே விட வேண்டிய கணக்கும் இருக்கு. ஆனா படகுக் கணக்கை விடாதே.

படகுக் கணக்குல இதே கதை, கூட ஒரு படி. எதிர் நீரோட்டத்துல 12 கிலோமீட்டர், நீரோட்டத்தோட 18 கிலோமீட்டர் போக மொத்தம் 6 மணி நேரம். எதிர்ல 20, கூட 12 போக 7 மணி நேரம். நிலையான நீர்ல படகோட வேகம் என்ன? எதிர் வேகத்தோட தலைகீழை 'எ'-ன்னும், கூடப் போற வேகத்தோட தலைகீழை 'கூ'-ன்னும் வைங்க.

12எ + 18கூ = 6
20எ + 12கூ = 7

முதல் வரியைப் பார்த்ததும் 6-ஆல வகுத்துடுங்க: 2எ + 3கூ = 1. சின்ன எண்ணோட விளையாடறது எப்பவும் நல்லது. அதை 4-ஆல பெருக்கினா 8எ + 12கூ = 4. ரெண்டாவதுல இருந்து கழிச்சா 12எ = 3, எ = 1/4. கூ = 1/6. அப்போ எதிர்ல மணிக்கு 4 கிலோமீட்டர், கூட 6 கிலோமீட்டர். நிலையான நீர்ல ரெண்டுக்கும் நடு, 5.

இங்க எங்க விழுவாங்க தெரியுமா? திருப்பறதுக்கு முன்னாடி சராசரி எடுத்துடுவாங்க. 1/4-க்கும் 1/6-க்கும் சராசரி 5/24, அதைத் திருப்பினா 4.8. பார்க்க ரொம்ப நியாயமான எண், 5-க்குப் பக்கத்துலயே இருக்கும். ஆனா அது ஒரே தூரம் போய்த் திரும்பினா வர்ற சராசரி வேகம், படகோட சொந்த வேகம் இல்ல. தொட்டிக் கணக்குல கூட்டிட்டுத் திருப்பணும், படகுக் கணக்குல திருப்பிட்டுக் கூட்டணும். எதுக்கு எதுன்னு மனப்பாடம் பண்ண வேண்டாம். எது நிஜமா கூடுதுன்னு கேளுங்க. தொட்டியில ஒரு மணி நேரத்துல விழுற தண்ணி கூடுது, அது தலைகீழ் எண். படகுல ஆறு தன் வேகத்தைப் படகோட வேகத்துல கூட்டுது, அது நேர் எண்.

கீழ எக்ஸ் இல்லாம சாதாரண எண் இருந்தா என்ன? அங்க பழைய எல்சிஎம் முறைதான் ராஜா. ப/3 + ம/4 = 5, ப/2 − ம/6 = 1. முதலாவதை 12-ஆல பெருக்கினா 4ப + 3ம = 60. ரெண்டாவதை 6-ஆல பெருக்கினா 3ப − ம = 6. இதை 3-ஆல பெருக்கிக் கூட்டினா 13ப = 78, ப = 6, ம = 12. தங்கச்சியோட ரஃப் பேப்பர்ல இதே மாதிரி ஒன்னுல 4ப + 3ம = 5-ன்னு இருந்தது. இடது பக்கம் பெருக்கிட்டு வலது பக்கத்தை மறந்துட்டா. வலது பக்கம் பின்னம் இல்லாததால கண்ணுக்கு அது ஏற்கனவே சுத்தமா தெரியுது, அதனால கை அங்க போறதில்ல. இன்னொன்னு, (ம − 3)/4-க்கு முன்னாடி கழித்தல் குறி இருந்தா, பெருக்கின பிறகு அடைப்புக்குறியை ஒரு வரி அப்படியே வச்சிருங்க. அந்த மூணு பிளஸ்ஸா மாறணும். அந்த ஒரு வரியை எழுதச் சோம்பல்பட்டு மார்க்கை விட்டவங்க நிறைய பேர்.

வெளிநாட்டுல யூஜி படிக்க எஸ்ஏடி எழுதுறவங்க சிலர் "எங்களுக்கு ஸ்க்ரீன்லயே டெஸ்மோஸ் கால்குலேட்டர் இருக்கே, இதெல்லாம் எதுக்கு"ன்னு கேட்கலாம். உண்மைதான், இப்போ டிஜிட்டல் எஸ்ஏடி-ல கணக்குப் பகுதி முழுக்க அது இருக்கு, ரெண்டு கோட்டையும் வரைஞ்சு வெட்டற இடத்தைக் காட்டிடும். ஆனா ஒன்னு செய்யாதீங்க, பின்னத்தைத் தசமமா மாத்தி உள்ள போடாதீங்க. ப/3 + ம/2 = 1, 2ப + 3ம = 6. முதலாவதை 6-ஆல பெருக்கினா ரெண்டாவதேதான் வருது. ரெண்டும் ஒரே கோடு, எண்ணற்ற தீர்வு. இப்போ 1/3-க்குப் பதிலா 0.33 போடுங்க. 1.98ப + 3ம = 6 ஆகும். ரெண்டாவதுல இருந்து கழிச்சா 0.02ப = 0. அப்போ ப = 0, ம = 2, ஒரே ஒரு தீர்வுன்னு விடை வரும். அழகான, சுத்தமான, தப்பான விடை. "எத்தனை தீர்வுகள்"னு கேட்கற கேள்வியில இது நேரா மார்க்கைத் தின்னுடும்.

கோடு எழுதறவங்களுக்கு இது பழகின வலி. பைத்தான்ல 0.1 + 0.2 போட்டா 0.30000000000000004-ன்னு வரும். 0.1-ஐ பைனரியில முழுசா எழுத முடியாது, 1/3-ஐ தசமத்துல முழுசா எழுத முடியாத மாதிரி. அதனாலதான் பின்னத்தைப் பின்னமாவே வச்சுக்க பைத்தான்ல ஃப்ராக்‌ஷன்ஸ்னு தனி மாட்யூலே இருக்கு. நான் வேலையில அதைப் பயன்படுத்தினது ரொம்பக் குறைவு. ஆனா ஒரு தடவை பில்லிங் கணக்குல ஒரு பைசா இடிச்சு ரெண்டு நாள் தேடினப்போ அருமை தெரிஞ்சது.

தங்கச்சிக்குப் பரீட்சை இன்னும் மூணு வாரத்துல. தினம் ராத்திரி ஒரு தொட்டிக் கணக்கு அனுப்பறேன், அவ வாய்ஸ் நோட்ல விடை சொல்றா. பேனா தொடக்கூடாதுங்கிறது எங்களுக்குள்ள ஒப்பந்தம். நேத்து அனுப்பினதை உங்களுக்கும் விடறேன். கவி 4 நாளும் செல்வி 9 நாளும் வேலை செஞ்சா ஒரு வேலை முடியும். கவி 1 நாளும் செல்வி 6 நாளும் செஞ்சா பாதி வேலை முடியும். ரெண்டு பேரும் சேர்ந்து செஞ்சா எத்தனை நாள்? கூட்டிப் பார்த்துட்டு "ஏமாத்திட்டே, இதுல கூட்டினா எதுவும் வரல"ன்னு முதல்ல திட்டி ஒரு வாய்ஸ் நோட் வந்தது. ஒரு நிமிஷம் கழிச்சு இன்னொன்னு வந்தது, அதுல வெறும் விடை மட்டும். சரியான விடை.

அடுத்த வாரம் பார்க்கலாம் மக்களே.